புதையல் யாருக்குச் சொந்தம்? தொல்பொருள் சட்டங்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது பானை நிறையக் காசு கிடைத்தது என்று ஒரு செய்தி வந்தால் போதும், ஊரே சட்டம் பேச ஆரம்பித்துவிடும். மூன்றடிக்குக் கீழே இருந்தால் அரசாங்கத்துக்கு, மேலே இருந்தால் நமக்கு என்பார் ஒருவர். இல்லை, ஆறடி என்று திருத்துவார் பக்கத்தில் நிற்பவர். நூறு வருடம் பழசு என்றாலே சர்க்கார் சொத்துதான் என்று மூன்றாமவர் முடித்துவைப்பார்.

அடிக்கணக்கு எதுவும் புதையல் சட்டத்தில் இல்லை. நூறு வருடக் கணக்கு உண்டு. ஆனால் அது மூன்று சட்டங்களில் வருகிறது, மூன்றிலும் வேறு வேறு வேலை செய்கிறது. அந்த மூன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரு பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுத்து வாங்கியதால் அது உங்களுடையது. ஆனாலும் ஆர்.சி. புத்தகம் வேண்டும். ஓட்டுநர் உரிமம் தனி. விற்றால் பெயர் மாற்ற வேண்டும். சில தெருக்களில் அதை நிறுத்தவே கூடாது. 'வண்டி என்னுடையதுதானே' என்று போக்குவரத்துக் காவலரிடம் வாதிட்டுப் பயனில்லை, ஏனென்றால் அவர் கேட்பது உரிமையை அல்ல, அனுமதியை. தொல்பொருள் சட்டங்களும் இப்படித்தான். யாருக்குச் சொந்தம், பதிவு இருக்கிறதா, தோண்ட உரிமம் உண்டா, இந்த இடத்தில் கட்டலாமா என்பவை நான்கு தனிக் கேள்விகள். ஒன்றுக்குப் பதில் கிடைத்தால் மற்ற மூன்றுக்கும் கிடைத்ததாக ஆகாது.

மண்ணுக்குள் கிடைத்தால்

இங்கே பேசுவது 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். ஆங்கிலேயர் காலத்தது, சில மாநிலங்களில் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணிலோ, மண்ணோடு ஒட்டிய கட்டடம் போன்றவற்றிலோ மறைந்திருக்கும் மதிப்புள்ள எதையும் அது புதையல் என்கிறது. தங்கமாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை.

அதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். என்ன கிடைத்தது, எங்கே, எந்த நாளில் என்ற விவரங்கள் அதில் இருக்கவேண்டும். பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவந்து தருவதற்குப் பிணை கொடுக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது 1878இல் நல்ல தொகை. இன்று ஒரு டீக்குக்கூடப் பற்றாது, எனவே கிடைத்ததில் கிட்டத்தட்ட எல்லாமே இந்த வரம்புக்குள் வந்துவிடும்.

அதன் பிறகு ஆட்சியர் அறிவிப்பு வெளியிடுவார். உரிமை கோருகிறவர்கள் வந்து சொல்ல நான்கு மாதத்துக்குக் குறையாமலும் ஆறு மாதத்துக்கு மிகாமலும் தள்ளி ஒரு நாள் குறிப்பார். நூறு வருடக் கணக்கு முதலில் தலைகாட்டுவது இந்த விசாரணையில்தான். 'இதைப் புதைத்தவர் என் தாத்தா' என்று யாராவது வந்து, புதைத்தது கடந்த நூறு ஆண்டுக்குள்தான் என்று ஆட்சியருக்கும் தோன்றினால், அவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக அவகாசம் தரவேண்டும். இந்தச் சட்டத்தில் நூறு வருடத்தின் வேலை அவ்வளவே.

உரிமையாளர் யாரும் இல்லை என்று முடிவானால்? பலருக்கும் ஆச்சரியம் தரும் பகுதி இது. நிலத்துக்காரரும் உரிமை கேட்டால், அதற்கு மாறான உடன்பாடு எதுவும் இல்லாதபட்சத்தில், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. மண்வெட்டி பிடித்த கூலியாளுக்குத்தான் பெரும்பங்கு! அரசுக்குப் பொருள் வேண்டுமென்றால் அது இலவசமாக எடுத்துக்கொள்ள முடியாது. பொருளில் உள்ள உலோகம் முதலியவற்றின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கொடுத்துத்தான் வாங்க முடியும். ஆனால் சொல்லாமல் மறைத்தால் கண்டெடுத்தவரின் பங்கு அரசுக்குப் போய்விடும். ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும்.

இந்தச் சட்டத்தின் கண்ணோட்டத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு சோழர் காசையும் ஒரு தங்கக் கட்டியையும் அது ஒரே தராசில்தான் நிறுத்துகிறது. பொருள் என்ன விலை பெறும் என்று கேட்கிறதே தவிர, அது என்ன சொல்லும் என்று கேட்பதில்லை. உடைந்த முதுமக்கள் தாழிக்கும் கரித்துண்டுக்கும் அங்கே மரியாதை கிடையாது.

சுருக்கம்: மண்ணில் கிடைத்தது தானாக அரசுக்குப் போய்விடுவதும் இல்லை, எடுத்தவருக்குச் சொந்தமாகிவிடுவதும் இல்லை. சொல்லவேண்டியது கடமை. யாருக்கு என்பது விசாரணைக்குப் பிறகுதான்.

இடத்தைக் காக்கும் சட்டம்

இரண்டாவது, 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் மற்றும் இடங்கள் பற்றிய மத்தியச் சட்டம். இது குறைந்தது நூறாண்டாக இருந்துவரும் கட்டடம், குகை, கல்வெட்டு, சிற்பம், ஈமக்காடு போன்றவற்றைப் பற்றிப் பேசுகிறது. நூறு வருடக் கணக்கு இரண்டாவதாக வருவது இங்கே.

ஆனால் நூறாண்டு ஆனதும் ஒரு கட்டடம் தானாகப் பாதுகாக்கப்பட்டதாகிவிடாது. முதலில் அரசிதழில் உத்தேச அறிவிப்பு வரவேண்டும். ஆட்சேபம் சொல்ல இரண்டு மாத அவகாசம் தரவேண்டும். பிறகு இறுதி அறிவிப்பு. அப்போதுதான் அது 'பாதுகாக்கப்பட்ட சின்னம்', அதாவது அரசிதழில் பெயர் ஏறிய சின்னம். நாடு முழுவதும் ஏறத்தாழ 3,700 சின்னங்களே இந்தியத் தொல்லியல் துறையின் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் நானூற்றுச் சொச்சம். தேசிய முக்கியத்துவம் பெற்றவை மத்திய அரசிடம், மற்றவை மாநிலத்திடம் என்று அரசியலமைப்பே பிரித்துவைத்திருக்கிறது. தமிழ்நாட்டுக்கென்று 1966இல் தனிச் சட்டமும், 1961 முதல் தனித் துறையும் உண்டு.

இந்த இரண்டு பட்டியலிலும் இடம்பெறாதவைதான் மிக அதிகம். ஏரிக்கரையில் சாய்ந்து கிடக்கும் நடுகல் ஆயிரம் வருடம் பழையதாக இருக்கலாம். அரசிதழில் ஏறாவிட்டால் அதைச் சுற்றி எந்த வட்டமும் கிடையாது. பழமைக்கும் பாதுகாப்புக்கும் நடுவே ஓர் அரசாணை நிற்கிறது. தொல்லியல் ஆர்வலர்கள் இடங்களைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனு மேல் மனு போடுவது இதற்காகத்தான்.

வட்டம் என்றதும் நூறு மீட்டர் விதிக்கு வரவேண்டும். 1992இல் அறிவிப்பாக வந்து, 2010 திருத்தத்தில் சட்டத்துக்குள்ளேயே ஏறியது. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் 100 மீட்டர் வரை தடைப்பகுதி. அங்கே புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. அங்கே அனுமதி வாங்கிக் கட்டலாம். விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் மேலமைப்பு தேசியச் சின்னங்கள் ஆணையம்.

இதில் இரண்டு தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. ஒன்று, தூரத்தைக் கோபுரத்திலிருந்து அளப்பார்கள் என்பது. இல்லை, பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்துதான் அளக்க வேண்டும். மற்றது, தடைப்பகுதியில் கூரை ஓட்டைக்கூட மாற்ற முடியாது என்பது. 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீடு என்றால், பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பிக்கலாம். பொதுமக்களுக்கான குடிநீர், வடிகால், மின் இணைப்பு வேலைகள் 'கட்டுமானம்' என்ற வரையறைக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கின்றன. அனுமதியில்லாமல் கட்டினால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இந்த விதியில் ஒரு முரட்டுத்தனம் இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் வயல் நடுவே நிற்கும் ஒற்றைக் கல்லுக்கும் அதே 100 மீட்டர்தான். மாமல்லபுரம் மாதிரி ஊரே சின்னங்களுக்கு நடுவில் இருந்தால், அங்கே குடியிருப்பவர்களின் பாடு எளிதில்லை. 'சட்டத்தை மதிக்கத் தெரியாத மக்கள்' என்று வெளியூரிலிருந்து சொல்லிவிட்டுப் போவது சுலபம்.

பொருளைக் காக்கும் சட்டம்

மூன்றாவது, 1972இல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம். 'தொல்பொருள்' எது என்று இந்தச் சட்டம் வரையறுக்கிறது. குறைந்தது நூறாண்டு பழமையான சிற்பம், ஓவியம், நாணயம், கல்வெட்டு, கைவினைப் பொருள் முதலியவை தொல்பொருள்கள். சுவடி, ஆவணம் போன்றவற்றுக்கு மட்டும் வரம்பு 75 ஆண்டு. நூறு வருடக் கணக்கின் மூன்றாவது வேலை இது. இந்த வரம்பு ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டே வரும் என்பதையும் கவனிக்க வேண்டும். போன வருடம் வெறும் பழைய விளக்காக இருந்தது இந்த வருடம் தொல்பொருளாகியிருக்கலாம்.

தொல்பொருளைத் தனியார் வைத்திருக்கலாம். இதைப் பலர் நம்புவதில்லை. பூஜை அறையில் இருக்கும் பாட்டன் காலத்துச் செப்புச் சிலையை யாரும் பிடுங்கிக்கொண்டு போகமாட்டார்கள். ஆனால் அரசு அறிவித்த வகைகளை, அதாவது கல், சுடுமண், உலோகம், தந்தம், எலும்பு, மரம் ஆகியவற்றில் செய்த சிற்பங்கள், ஓவியங்கள், படங்களோடு கூடிய சுவடிகள் ஆகியவற்றைப் பதிவு அலுவலரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். நாட்டுக்குள்ளே விற்கலாம், வாங்கலாம். அதையே தொழிலாகச் செய்தால் உரிமம் வேண்டும்.

கண்டிப்பாக முடியாதது ஒன்றுதான்: நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது. மத்திய அரசோ அது அதிகாரமளித்த அமைப்போ மட்டுமே தொல்பொருளை ஏற்றுமதி செய்யலாம். மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும். கோடிகளில் புரளும் வியாபாரத்துக்கு மூன்றாண்டு என்பது அச்சுறுத்தும் தண்டனையா என்று கேட்டால், என் பதில் இல்லை என்பதுதான்.

ஏற்றுமதித் தடை எப்படி வேலை செய்கிறது என்பதை அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசர் வழக்கில் பார்க்கலாம். கோயிலிலிருந்து திருடப்பட்ட அந்தச் சோழர் காலச் செப்புத் திருமேனி, நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர் வழியாக 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. கூடவே கொடுக்கப்பட்ட ஆவணங்கள், சிலை 1970களின் தொடக்கத்திலேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகக் கதை சொல்லின. ஏன் அந்த ஆண்டுகள்? திருட்டுப் பண்பாட்டுப் பொருள்களுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970. நம் சட்டம் 1972. அதற்கு முன்பே வெளியேறியது என்று காட்டினால் வாங்குகிறவருக்கு மனம் லேசாகும். கதையைக் குலைத்தது ஒரு புகைப்படம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல பத்தாண்டுகளாகத் தமிழகக் கோயில் சிலைகளைப் படமெடுத்து வைத்திருக்கிறது. அந்தத் தொகுப்பில் 1990களில் அதே நடராசர் அதே கோயிலில் நின்றுகொண்டிருந்தார். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து சிலையைத் திருப்பிக் கொடுத்தார்.

சட்டம் இருந்தது, உடன்படிக்கை இருந்தது. ஆனால் இந்தச் சிலை இன்ன தேதியில் இங்கே இருந்தது என்று காட்ட ஒரு படம் இல்லாவிட்டால் இரண்டும் கைகட்டி நின்றிருக்கும். பதிவு என்பது வெறும் அலுவலகச் சடங்கு இல்லை என்று சொல்வது இதனால்தான்.

சுருக்கம்: வைத்திருப்பது குற்றமில்லை. பதிவு செய்யவேண்டியதைப் பதியாமல் விடுவதும், வெளிநாட்டுக்கு அனுப்புவதும்தான் குற்றம்.

தோண்டுவதற்கு எதற்கு அனுமதி?

'பொருளைப் பத்திரமாக எடுத்து அருங்காட்சியகத்தில் கொடுத்துவிட்டால் யார் தோண்டினால் என்ன?' என்று நல்ல மனதோடு கேட்பவர்கள் உண்டு. இதற்குப் பதில் கீழடியில் இருக்கிறது.

2019இல் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில், கீழடியின் ஒரு குழியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரி மாதிரி பொது ஆண்டுக்கு முன் (கி.மு.) 580ஐச் சேர்ந்தது என்று வந்தது. கீழடியின் காலத்தையே பின்னோக்கித் தள்ளிய முடிவு அது. இப்போது அந்தக் கரித்துண்டை மட்டும் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கடைத்தெருவில் காசு பெறாது. அதன் மதிப்பு முழுக்க 353 என்ற அந்த எண்ணிலும், அதே அடுக்கில் கிடந்த பானையோடுகளிலும் இருக்கிறது. எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்ற இந்த விவரத்தைத் தொல்லியலில் 'சூழமைவு' என்கிறார்கள். ஜே.சி.பி. ஒரு முறை வாரியெடுத்துக் கொட்டிவிட்டால் ஓடுகள் எல்லாம் பத்திரமாக இருக்கலாம், சூழமைவு போய்விடும். அதைத் திருப்பி வைக்க முடியாது.

முறையான அகழாய்வும் அடுக்குகளைக் கலைக்கத்தான் செய்கிறது. ஆகவே கலைப்பதை ஒருவர் ஒரு முறைதான் செய்யலாம், எழுதிக்கொண்டே செய்யவேண்டும் என்பதுதான் உரிமத்தின் சாரம். பாதுகாக்கப்பட்ட இடத்தில் தோண்ட 1958 சட்டப்படி உரிமம் வேண்டும். விண்ணப்பிப்பவரின் தொல்லியல் அனுபவம், தேர்ந்த ஆட்கள் போதுமான அளவு இருக்கிறார்களா என்பதெல்லாம் பார்த்துத்தான் தருவார்கள். அறிக்கை கொடுப்பது நிபந்தனை. பாதுகாக்கப்படாத இடமாக இருந்தாலும், ஒரு மாநில அரசே தோண்ட நினைத்தாலும், மத்திய அரசின் முன் ஒப்புதல் இல்லாமல் முடியாது. 2014-15இல் இந்தியத் தொல்லியல் துறை தொடங்கி, நான்காம் கட்டத்திலிருந்து மாநிலத் துறை தொடர்ந்த கீழடி வேலைக்கும் இது பொருந்தும். ஒரே ஊரில் இரண்டு துறை, இரண்டு அரசு என்று நாம் படிக்கும் அரசியல் செய்திகளுக்கு அடியில் இருப்பது இந்தப் பிரிவுதான்.

அறிக்கை என்ற நிபந்தனையைத்தான் நம் நாட்டில் அதிகம் இழுத்தடிக்கிறோம். ஆதிச்சநல்லூரில் 2004-05இல் நடந்த அகழாய்வின் முழு அறிக்கைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. எழுதப்படாத அகழாய்வும் அனுமதியில்லாத குழியும் விளைவில் ஏறக்குறைய ஒன்றுதான்.

சாமி சிலை கிடைத்தால்?

இங்கேதான் சட்டங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. படையெடுப்புக் காலங்களில் செப்புத் திருமேனிகளை மண்ணில் புதைத்துக் காத்த வழக்கம் தமிழகத்தில் உண்டு. தஞ்சைக் கலைக்கூடத்தில் இன்று பார்த்து வியக்கும் இடபவாகன தேவர் என்ற சிவன் திருமேனி திருவெண்காட்டில் மண்ணிலிருந்து வந்தவர்தான். 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்காகக் குழி எடுத்தபோது இருபதுக்கும் மேற்பட்ட செப்புத் திருமேனிகளும் நானூற்றுக்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் கிடைத்தன. இவை புதையலா, கோயில் சொத்தா?

புதையல் சட்டத்தின் பங்கீடு வேலை செய்யவேண்டுமானால் பொருளுக்கு உரிமையாளர் இல்லாமல் இருக்கவேண்டும். ஆனால் இந்திய நீதிமன்றங்கள் கோயில் தெய்வத்தை, சொத்து வைத்திருக்கக்கூடிய, வழக்காடக்கூடிய 'சட்டப்பூர்வ நபர்' என்று ஏற்றிருக்கின்றன. தெய்வத்துக்கு உரியது என்று நிறுவிவிட்டால் அது ஆளில்லாச் சொத்தாகாது.

இந்த வாதம் லண்டன் வரை போயிருக்கிறது. 1976இல் பத்தூரில் ஒரு கூலித் தொழிலாளி தன் குடிசைக்கருகே தோண்டும்போது நடராசர் உள்ளிட்ட சிலைகள் கிடைத்தன. அவர் சிறு தொகைக்கு விற்றார். கைமாறிக் கைமாறி நடராசர் லண்டனுக்குப் போய், ஒரு கனடா நிறுவனம் வாங்கியபின் காவல்துறையிடம் சிக்கினார். வழக்கில் இந்திய அரசு, தமிழக அரசு இவற்றோடு பத்தூரின் இடிந்த கோயிலும் அதன் சிவலிங்கமும்கூட உரிமை கோரின. கோயில் இங்கிலாந்து நீதிமன்றத்தில் வழக்காடலாம், சிலையின் மேல் அதன் உரிமையே மேலானது என்று 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. நடராசர் இந்தியா திரும்பினார்.

ஆகவே கோயில் வளாகத்திலோ அருகிலோ சிலை கிடைத்தால் 'முக்கால் பங்கு எனக்கு' என்று கணக்குப் போட அவசரப்படவேண்டாம். ஆட்சியருக்குச் சொல்லும் கடமை அப்போதும் இருக்கிறது.

நடைமுறைக்கு வந்தால்

தோண்டும்போது ஏதாவது தட்டுப்பட்டால் வேலையை நிறுத்திவிட்டு, கிடந்த நிலையிலேயே செல்போனில் நாலு படம் எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ சொல்லுங்கள். ஆட்சியருக்கு எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பச்சை பூத்த களிம்பும் ஒட்டிய மண்ணும் ஆய்வாளருக்குத் தகவல்கள்.

பழைய தொல்லிடத்தின் அருகே மனை வாங்குவதாக இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சர்வே எண்ணை வைத்து அது தடைப்பகுதியா, ஒழுங்குமுறைப் பகுதியா என்று விசாரித்துவிடுங்கள். 'பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது' என்ற தரகரின் பேச்சு இந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

இன்னொரு சந்தேகமும் அடிக்கடி வரும். சுவாமிமலையில் புதிதாக வார்த்த நடராசரை சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குக் கொண்டுபோகலாமா? தாராளமாக. சட்டம் தடுப்பது பழையதை மட்டுமே. ஆனால் விமான நிலையச் சுங்க அதிகாரிக்குப் பார்த்த மாத்திரத்தில் புதுச் சிலை எது, எண்ணூறு வருடச் சிலை எது என்று தெரியவேண்டுமே. அதற்காக இந்தியத் தொல்லியல் துறையின் நிபுணர் குழு சிலையைப் பார்த்து, 'இது தொல்பொருள் அல்ல' என்று சான்றிதழ் கொடுக்கும். கிளம்புகிற அன்று ஓடாமல் முன்கூட்டியே சிலையோடும் கடை ரசீதோடும் போய் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.